சுரண்டிய கடல்

1991 மே மாதம், புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கோபிநாத் சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல் வாசலிலேயே சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். மறைமலை நகரில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவன், முகம் கழுவாமல் யாரிடமும் பேச மாட்டான். அன்றைக்கு நேராகச் சமையலறைக்கு வந்து, பால் காய்ச்சிக்கொண்டிருந்த மனைவி காந்திமதியின் பக்கத்தில் நின்றான்.

"ரேடியோ போட்டியா?"

"இல்லீங்க. ஏன்?"

"பெரும்புதூர் மீட்டிங்ல குண்டு வெடிச்சிருச்சு. தலைவர் போயிட்டாரு. கூட பத்துப் பதினஞ்சு பேர் போயிட்டாங்களாம். ரோட்ல ஒரு பஸ் இல்ல. லாரிய நிறுத்திக் கொளுத்திகினு இருக்கானுங்க."

காந்திமதி பாலை இறக்கிவைத்தாள். அவர்கள் குடியிருந்த ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் அரைமணி தூரம்தான். அவள் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் அங்கே இருந்தது. முதல் நாள் சாயங்காலம் கடைக்குப் போய்வரும்போது மேடை கட்டுவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தவள் அவள்.

கோபிநாத் முன்னறைப் பக்கம் பார்த்தான். குரலைத் தணித்தான். "அந்தம்மா எழுந்துட்டாங்களா?"

அந்தம்மாவின் பெயர் தையல்நாயகி. வயது ஐம்பத்தெட்டு. யாழ்ப்பாணத்தில் முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்தவர். போன ஆண்டு படகேறி வந்து, சென்னைக்கு வடக்கே ஓர் அகதிகள் முகாமில் இருந்தார். இரண்டு நாள் வெளியே போய்வர அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலைதான் வந்து சேர்ந்திருந்தார். சீட்டின்படி புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் முகாமில் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் வந்தது ஒரு படத்தைப் பார்க்க. மூன்று வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடத்து ஸ்டோர் அறையில் கறையான் அரித்த மூட்டைகளுக்கு நடுவே காந்திமதிக்கு அது கிடைத்தது. துணி ஒட்டி, மேலும் கீழும் மரத்தடி வைத்துச் சுருட்டிய சுவர்ப்படம். 'தென்னிந்தியாவும் இலங்கையும், தமிழ்ப் பாடசாலைகளுக்கு' என்று தலைப்பு. கீழ் மூலையில் பொடி எழுத்தில், 'வரைந்தவர்: வரதராஜுலு, சென்னை. இடப்பெயர்கள் தொகுத்தவர்: அருளம்பலம், வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம். 1934.' இந்த இருவர் யார் என்று அவள் கேட்காத ஆள் இல்லை. சென்னையில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் துணிந்து அந்த வண்ணார்பண்ணை முகவரிக்கே ஒரு கடிதம் போட்டாள். ஐம்பத்து நாலு வருஷத்து முகவரி. ஒன்றரை மாதம் கழித்து நீலத்தாளில் பதில் வந்தது. எழுதியவர் அருளம்பலத்தின் மகள் தையல்நாயகி.

அதையும் சேர்த்து மொத்தம் பதினொரு கடிதங்கள். வரதராஜுலு சென்னையில் சர்வே ஆபீசில் படம் வரைகிற உத்தியோகத்தில் இருந்தவராம். அருளம்பலம் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களைப் பார்வையிட்டு வந்தவர். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் படம் இல்லையே என்று இரண்டு பேரும் தபாலிலேயே பேசி, தபாலிலேயே சண்டை போட்டு, நாலு வருஷத்தில் ஏழு படம் முடித்தார்களாம். பெரிய சண்டை கடலைப் பற்றித்தான். கடலை வெறும் நீலமாக விட்டுவிடலாம் என்றார் வரதராஜுலு. அது வெறும் இடமில்லை, பிள்ளைகளின் தகப்பன்மார் தோணியில் போய்வருகிற வழி, அதையும் போடத்தான் வேண்டும் என்று அருளம்பலம் பட்டியல் அனுப்பினார். அதனால்தான் அந்தப் படத்தில் கோடியக்கரை, நாகப்பட்டினம் முதலிய ஊர்களுக்கும் யாழ்ப்பாணத்துத் துறைகளுக்கும் நடுவே ஏழு புள்ளிக்கோடுகளும், பக்கத்தில் தோணி ஏற்றிப்போகும் சரக்கின் பெயர்களும் இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் தையல்நாயகி அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றிருந்தார். காந்திமதி லீவில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மைதாப் பசை காய்ச்சி, கிழிந்த இடங்களுக்குப் பின்னால் மல் துணி ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்தாள்.

"எழுத்தெல்லாம் ஐயாவின்ர எழுத்துத்தான்" என்றார் தையல்நாயகி. "அவர் எழுதி அனுப்பினதைப் பாத்து வரதராஜுலு மாமா அப்பிடியே கீறினவர். இந்த ழகரத்தின்ர வாலைப் பாருங்கோ. எங்கட வீட்டில இருந்த படம் வீட்டோடயே போயிட்டுது. இதை இனிக் காணுவன் எண்டு நினைக்கேல்லை."

அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில் அதே படம் அதே சுவரில் தொங்குவதைப் பார்த்த காந்திமதி, தெருக்கதவைப் போய்ச் சாத்தினாள்.

அன்றைக்குப் பஸ் வரவில்லை. வியாழக்கிழமையும் இல்லை. கடைகள் திறக்கவில்லை. ரோட்டுப் பக்கமிருந்து டயர் எரிகிற நாற்றம் வந்துகொண்டே இருந்தது. புதன்கிழமை மாலை ஆறு மணி ஆனபோது தையல்நாயகி தன் பையிலிருந்து அனுமதிச் சீட்டை எடுத்துப் பார்த்தார். மடித்து உள்ளே வைத்தார்.

வியாழக்கிழமை குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போன காந்திமதி, குடம் நிரம்பியதைக் கூடக் கவனிக்காமல் நின்றாள். "எல்லாம் சிலோன்காரனுங்க வேலதானாம். வூடு வூடா வந்து பாக்கப் போறாங்களாம். எவன் வூட்ல தங்கியிருந்தானுங்களோ, குடும்பத்தோட உள்ள" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுச் செங்கமலம் காந்திமதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், உன் வூட்டுக்கு யாரோ வந்துக்கீறாங்க போலகீதே?"

"எங்க வூட்டுக்காரரோட பெரியத்தை. ராமநாதபுரம் பக்கம். வாய் பேச வராது அவங்களுக்கு."

எங்கிருந்து அந்தப் பொய் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது கோபிநாத் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு தையல்நாயகியிடம் போய்க் கைகூப்பினான்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. வாயத் தொறக்காதீங்க. வூட்டுக்குள்ளகூட வேணாம். செவுத்துக்கு அந்தாண்ட ஆளு கீது."

அவர் பேசுவதற்கு வாயெடுத்து, நிறுத்தி, தலையை மட்டும் ஆட்டினார்.

முப்பது வருஷம் வகுப்பில் பேசியே பிழைத்த பெண்மணி அன்று முதல் ஊமையானார். அன்று மதியம் செங்கமலம் உறைமோர் கேட்கிற சாக்கில் உள்ளே வந்தாள். நேராக அவர் முன்னால் போய் நின்று, "பெரிம்மா, சாப்டியா?" என்றாள். தையல்நாயகியின் உதடு, யாழ்ப்பாணத்தார் 'ஆமாம்' என்பதற்குச் சொல்லும் 'ஓம்' என்று குவிந்தது. அந்த ஒரு சொல் வெளியே வந்திருந்தால் போதும், ஊரே தெரிந்துகொண்டிருக்கும். ஆனால் சத்தம் வரவில்லை. குவிந்த உதட்டை அப்படியே கொட்டாவியாக்கி, தலையை அசைத்து வைத்தார். செங்கமலம் போன பிறகு வெகுநேரம் காந்திமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கோபிநாத் முடிவாகச் சொன்னான். "லெட்டர் ஒண்ணு வூட்ல இருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்து முத்திரையோட பதினோரு லெட்டர். படத்தையும் கொளுத்திரு."

"படம் என்னுது இல்ல. பள்ளிக்கூடத்துது."

"உன் பொண்ணு காஞ்சிவரத்துல பாட்டி வூட்ல உக்காந்துகினு எப்ப வருவீங்கன்னு கேட்டுகினு இருக்கு. அத நெனச்சுப் பாத்தியா நீ?"

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தூங்கியே மூன்று நாளாயிற்று. கண்ணை மூடினால் ஜீப் சத்தம் கேட்டது. நிஜமாகவே ஜீப்புகள் போய்க்கொண்டுதான் இருந்தன. எது நிஜம், எது தன் காதில் மட்டும் கேட்பது என்று பிரிக்க முடியவில்லை.

கடிதங்களை எடுத்துக்கொண்டு வெந்நீர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். ஆனால் கை போகவில்லை. தையல்நாயகி முக்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடிதக் கட்டை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி, ஒன்றையும் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக நெருப்புக்குள் வைத்தார். நீலத்தாள் சீக்கிரம் எரிந்தது. படத்தைக் கொளுத்த மட்டும் காந்திமதி சம்மதிக்கவில்லை. சுருட்டிப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றினாள்.

மறுநாள், சனிக்கிழமை பதினோரு மணிக்கு, அவர்கள் வந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் கையில் நீள நோட்டு. வாசலில் நின்றே வீட்டில் எத்தனை பேர், என்ன பெயர், என்ன வேலை என்று கேட்டார்கள். வெளியூர் ஆள் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று கேட்டபோது காந்திமதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாயடியில் அவ்வளவு லேசாக வந்த பொய் இப்போது வரவில்லை.

"எங்க பெரியத்தைங்க" என்றான் கோபிநாத். அந்தம்மாவை வெளியே அனுப்பியே ஆக வேண்டும் என்று மூன்று நாளாகச் சண்டை பிடித்தவன் அவன்தான். "ராம்நாடு. வாய் பேசாது. கண்ணாஸ்பத்திரிக்குக் காட்ட வந்தாங்க. பஸ் இல்லாம மாட்டிகினாங்க."

"பேரு?"

"மீனாட்சி."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த தையல்நாயகி தலைநிமிரவில்லை. அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

கோபிநாத் கதவைச் சாத்திவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தான்.

அதுவரை இருந்த பயம் ஒருவிதம். அதன்பிறகு வந்தது வேறு. இப்போது பொய் நோட்டில் ஏறிவிட்டது. நாளைக்கு யாராவது அந்த நோட்டைப் பார்த்து, ராமநாதபுரத்து மீனாட்சி யார் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அன்று அந்த வீட்டில் யாரும் சோறு சாப்பிடவில்லை. படுக்கப் போகிறபோது தையல்நாயகி காந்திமதியின் தலையைத் தடவிக்கொடுத்தார். மூன்று நாளில் முதல்முறையாக, காதோடு காதாக, இரண்டு சொல் பேசினார்.

"படுங்கோ, பிள்ளை."

ஞாயிற்றுக்கிழமை விடிந்து காந்திமதி எழுந்தபோது முன்னறைக் கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தது. பை இல்லை. செருப்பு இல்லை. பரணில் படமும் இல்லை; கீழே துணி உலர்த்தும் கோல் சாய்த்து வைத்திருந்தது.

ஒரு நொடியில் புரிந்துவிட்டது. தன்னையும் படத்தையும், இந்த வீட்டுக்கு ஆபத்தான இரண்டையும், அவர் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கோபிநாத்தை எழுப்பாமல் காந்திமதி தெருவில் இறங்கினாள். சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடிக்குப் போகிற ரோடு ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வழி. வந்தது அப்படித்தான்.

கூட்டு ரோட்டில் தார் டிரம்களை நிறுத்தி, குறுக்கே மூங்கில் கட்டியிருந்தார்கள். தையல்நாயகி அங்கே நின்றுகொண்டிருந்தார். தோளில் பை. கையில் பழைய புடவை சுற்றிய, ஓராள் இடுப்புயர உருளை. எதிரில் மூன்று போலீஸ்காரர்கள்.

காந்திமதி ஐம்பது அடி தூரத்தில், நின்றுபோன ஒரு லாரியின் பின்னால் ஒதுங்கினாள். இதுவரை யாரும் அவளைப் பார்க்கவில்லை. திரும்பிப் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவும் ஒருபோதும் இவள் பெயரைச் சொல்ல மாட்டார், அதற்காகத்தானே போனார். இதையெல்லாம் தெளிவாக நினைத்தாள். நினைத்துக்கொண்டே திரும்பினாள். பத்துப் பதினைந்து எட்டு வீட்டுப் பக்கம் நடக்கவும் செய்தாள். அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

பின்னால் "உக்காரு. கீழ உக்காரு" என்று குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். தையல்நாயகிக்கு இரண்டு முழங்காலும் வீக்கம். தரையில் உட்கார வராது. டிரம்மைப் பிடித்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் பயந்து, பாதி குனிந்தபடி இருந்தார். உருளையை மட்டும் மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

காந்திமதி நடந்து போய், "சார், அவங்க எங்க வூட்டு விருந்தாளி" என்றாள்.

அரைமணி நேரத்தில் இருவரும் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார்கள். போலீஸார் அதைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மணமேடைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் ஒரு இன்ஸ்பெக்டர். ஐந்து நாள் தூங்காத கண். சட்டை முதுகில் வேர்வை காய்ந்து உப்புக்கோடு போட்டிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. அதுவே காந்திமதிக்கு அதிகப் பயமாக இருந்தது. சீட்டைப் பார்த்தார். தேதி முடிந்து நாலு நாள். ஒரு போலீஸ்காரர் நோட்டைக் கொண்டுவந்து, அந்த வீட்டு விலாசத்தில் 'மீனாட்சி, ஊமை' என்று எழுதியிருந்ததைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அதையும் படித்தார். பிறகு, "அத விரிங்க" என்றார்.

பெஞ்சின் மேல் படத்தை விரித்தார்கள். காந்திமதி குனிந்து பார்த்தாள்.

கடலைக் காணோம். கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில், நீலம் இருந்த இடமெல்லாம் புண்ணின் பொருக்கைப் பிய்த்தது போல் வெளுத்து, காகித நார் எழும்பி நின்றது. ஓரிடத்தில் துணி வரைக்கும் கிழிந்திருந்தது. புள்ளிக்கோடு ஏழில் ஒன்றுகூட இல்லை.

"இத யாரு சுரண்டினது?"

காந்திமதி தையல்நாயகியைப் பார்த்தாள். தையல்நாயகி காந்திமதியைப் பார்த்தார். இருவரும் மற்றவர்தான் செய்தார் என்று நினைத்தார்கள். அதனாலேயே இருவரும் பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் அந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். நுனியில் நீலப்பொடி ஒட்டியது. "புதுசு. ரெண்டு நாளுக்குள்ள சுரண்டியிருக்கு. கீழ என்னா இருந்துச்சு?"

"கோடு சார்" என்றாள் காந்திமதி.

"என்னா கோடு?"

"தோணி போற வழி."

எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது.

"யார் போட்ட வழி?"

"என்ர ஐயா போட்டவர்" என்றார் தையல்நாயகி. நாலு நாளில் முதல்முறையாக அவர் குரல் முழுசாக வெளியே வந்தது. "ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தி நாலாம் ஆண்டு. அஞ்சாம் வகுப்புப் பிள்ளையளுக்கு. மூலையில பேர் கிடக்கு, வாசியுங்கோ."

இன்ஸ்பெக்டர் வாசித்தார். அதற்காக நம்பிவிடவில்லை. இருவரையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னார். காந்திமதியை மணமகள் அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு பெண் போலீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் வந்தன. "அழிஞ்ச கோடு ஒவ்வொண்ணும் எங்க ஆரம்பிச்சு எங்க போச்சு, போட்டுக் காட்டணுமாம். பக்கத்துல என்ன எழுதியிருந்துச்சோ அதையும்" என்றாள் பெண் போலீஸ்.

இருபது வருஷமாகக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு இந்தியா வரைகிறவளுக்குக் கரைக்கோடே நேராக வரவில்லை. பென்சில் முனை இரண்டு தரம் முறிந்தது. தப்பாக ஒரு கோடு போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்க நினைக்க, தெரிந்ததெல்லாம் மறந்தது. அப்புறம் வகுப்பில் சொல்வது போல் வாய்க்குள் முனகிக்கொண்டே போட்டாள். நாகப்பட்டினத்திலிருந்து பருத்தித்துறை, ஓடு. கோடியக்கரையிலிருந்து வல்வெட்டித்துறை, நெல். ஊர்காவற்றுறையிலிருந்து அதிராம்பட்டினம், புகையிலை. இந்தத் துறைகளில் சில இந்த ஐந்து நாளாகப் பேப்பரில் வேறு காரணத்துக்காக அடிபடுகிற பெயர்கள். அவற்றைத் தன் கையால் எழுதும்போது, தன் வாக்குமூலத்தைத் தானே எழுதுவது போல் இருந்தது. ஏழாவது கோட்டுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தாளைக் கொடுத்தாள்.

இரண்டு மணி நேரம் யாரும் வரவில்லை. வேலை போகும், அது தெரிந்ததுதான். வேலையோடு நிற்குமா என்பதுதான் தெரியவில்லை. மகளை யார் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள் என்று ஒரு யோசனை வந்து, அதற்குமேல் யோசிக்க முடியாமல் நின்றது. சுவரில் முந்தைய கல்யாணத்து மணப்பெண் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் நாலைந்து இருந்தன. அவற்றையே எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போது கூடத்தில் கோபிநாத்தின் குரல் கேட்டது.

"சார், கூட்டு ரோட்ல கேட்டு வந்தேன். நான் அந்த டீச்சர் வூட்டுக்காரன். அந்தப் படத்தச் சுரண்டினது நான்தான்."

காந்திமதி எழுந்து கதவோரம் வந்தாள். பெண் போலீஸ் தடுக்கவில்லை. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்ப?"

"வெள்ளிக்கிழம மத்தியானம் சார். இவங்க தண்ணிக்குப் போயிருந்தாங்க. அந்தம்மா கண்ணசந்துட்டாங்க. பரண்லேர்ந்து எறக்கி ஷேவிங் பிளேடுல சுரண்டினேன். கைய அறுத்துகினேன், பாருங்க. திருப்பி சுத்தி மேல வெச்சிட்டேன். ரெண்டு பேருக்கும் தெரியாது."

"ஏன் சுரண்டின?"

"பயம் சார்." கோபிநாத் அழவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினான். "அந்தக் கோட்டப் பாத்தா யாரா இருந்தாலும் தப்பாத்தான் நெனப்பாங்க. சுரண்டிட்டா வெறும் படமாயிடும்னு நெனச்சேன். சுரண்டினது அதவிட மோசமா தெரியும்னு அப்ப தோணல. நேத்து வந்தவங்ககிட்ட ஊமைன்னு பொய் சொன்னதும் நான்தான். எம் பொண்டாட்டி வாயத் தொறக்கல."

"இதெல்லாம் சொன்னா உன்ன உள்ள வெப்பாங்கன்னு தெரியுமா?"

"தெரியும் சார். அஞ்சு நாளா வூட்ல உக்காந்துகினு இருந்தேன். அதுக்கு இங்க பயம் கம்மியாகீது."

இன்ஸ்பெக்டர் மூன்று பேரையும் மேசை முன்னால் வரச் சொன்னார். மேசையில் இரண்டு தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று காந்திமதியுடையது, அழித்து அழித்துக் கறுத்துப்போனது. மற்றது தையல்நாயகி ஒரே மூச்சில் பேனாவால் போட்டது, யாழ்ப்பாணத்துக் கரையின் சின்னச் சின்ன வளைவுகூட அதில் இருந்தது. இரண்டிலும் ஏழு கோடுகள். அதே ஊர்கள். அதே சரக்கு.

"இது ஒண்ணு மட்டும் நீங்க எழுதல" என்று ஏழாவது கோட்டைக் காட்டினார்.

"மறந்துட்டேன் சார்."

தையல்நாயகியின் தாளில் அந்த இடத்தில், 'பனங்கட்டி' என்றிருந்தது, கருப்பட்டிக்கு யாழ்ப்பாணத்துப் பெயர். இன்ஸ்பெக்டர் அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் ஒப்பிச்சிருந்தா, ரெண்டு பேரும் சேந்து மனப்பாடம் பண்ணதுன்னு நெனச்சிருப்பேன்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. முகாமுக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டாகிவிட்டது, பெயரும் சீட்டும் சரிதான் என்றார். மூன்று பேரிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கினார். கணவனும் மனைவியும் வாரம் ஒரு தரம் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். படம் இங்கேயே இருக்கும்.

"எவ்வளவு நாள் சார்?" என்று காந்திமதி கேட்டாள்.

"அது எனக்கே தெரியாதும்மா."

சாயங்காலம் நாலு மணிக்குத் தையல்நாயகியை ஒரு வேனில் ஏற்றினார்கள். பெண் போலீஸ் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். கோபிநாத் வேனுக்குப் பக்கத்தில் போய்த் தலைகுனிந்து நின்றான்.

"உங்கப்பா கைவேலைய நாசம் பண்ணிட்டேம்மா."

"தம்பி" என்றார் அவர். பிளேடு அறுத்த அவன் விரலைப் பிடித்துப் பார்த்தார். "இதுக்கு மருந்து போடுங்கோ. பழம் மையில விஷம் இருக்கும்."

வேன் போன பிறகு இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். தெருவில் நுழைந்தபோது எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். செங்கமலம் மட்டும் ரோட்டைக் கடந்து வந்து, ஒரு சொம்பில் மோரை நீட்டினாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

பதினெட்டு வாரம் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து காந்திமதிக்கு ஒரு மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். வேலை போகவில்லை. ஆனால் ஜீப் சத்தம் கேட்டால் வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவாள். பிள்ளைகள் காத்திருப்பார்கள். படம் திரும்பி வரவில்லை. இரண்டு தரம் மனு எழுதினாள். பதில் வரவில்லை. முகாம்களில் வெளியே போகிற சீட்டை அடியோடு நிறுத்திவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தாள்.

நவம்பரில் அவளுக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. மேலே முகாம் முத்திரை இருந்தது. யாரோ படித்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். 'இங்கே நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு படமும் இல்லை. தரையில் கீறிக் காட்டுகிறேன். வசதிப்பட்டால் ஒரு உலகப்படம் கொண்டுவாருங்கள். வசதிப்படாவிட்டால் குறை நினைக்கமாட்டேன்.'

அட்டையை அவள் மூன்று நாள் அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தாள். நாலாவது நாள் கோபிநாத்திடம் காட்டினாள். அவன் இரண்டு தரம் படித்தான். "ஞாயித்துக்கிழம எனக்கு ஓ.டி. இல்ல" என்றான்.

சென்னைக்குப் போய் ஒரு உலகப்படம் வாங்கினார்கள். புதுப்படம், பிளாஸ்டிக் பூசியது, பளபளவென்று இருந்தது. வரைந்தவர் பெயர் அதில் எங்கும் இல்லை. அனுமதிக்கு எழுதிப்போட்டு, அது வந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முகாம் வாசலில் போய் நின்றார்கள். முள்கம்பிக்கு அப்பால் தகரக் கொட்டகைகள். அதில் ஒன்றின் நிழலில், நாற்காலியில் உட்கார்ந்து, தையல்நாயகி ஒரு குச்சியால் மண்ணில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். இன்னும் இவர்களைப் பார்க்கவில்லை.

வாசலில் இருந்த காவலர் உருளையைக் காட்டி, "அது என்னா? பிரிச்சுக் காமிங்க" என்றார்.

காந்திமதி சணல் முடிச்சில் கைவைத்தாள். விரல் கேட்கவில்லை. முடிச்சைச் சுற்றிச் சுற்றி வழுக்கிற்று. காவலர் பார்த்துக்கொண்டிருந்தார். கோபிநாத் உருளையை அவள் கையிலிருந்து வாங்கினான். பல்லால் சணலைக் கடித்து அறுத்துவிட்டு, காவலர் பார்க்கும்படி உலகத்தை முழுசாக விரித்துப் பிடித்தான்.

காவலர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பார்த்தார். கீழே குனிந்தும் பார்த்தார்.

"சரி, போங்க" என்றார்.